ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை

பெருமாள்புரத்தில் ராஜராஜேஸ்வரி முதலில் மாட்டிய பலகையில் 'மனநல ஆலோசனை' என்றுதான் இருந்தது. ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்க்கும்? நம்ம ஊரில் பலகையில் மனம் என்று எழுதினால் பைத்தியம் என்றல்லவா வாசிப்பார்கள்! 'குடும்ப ஆலோசனை' என்று மாற்றி எழுதிய பிறகே ஆள் வரத் தொடங்கியது. அதுவும் கையில் காய்கறிப் பையோடு, போகிற வழியில் தண்ணீர் குடிக்க நுழைந்தவர்கள் மாதிரி வந்தார்கள்.

எம்.ஏ. சைக்காலஜி படித்து, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்த்தவள் அவள். அந்தப் படிப்புக்குக் காரணம் அக்கா பாலம்மாள். பிள்ளை பெற்ற கையோடு அக்கா ராப்பகலாக அழுதாள். வைத்தியம் பார்த்த டாக்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவள் மனம்விட்டுச் சொன்னதையெல்லாம் அவள் மாமனாரிடம் காப்பி குடித்துக்கொண்டே ஒப்பித்துவிட்டார். பிள்ளையை வைத்துக்கொண்டு அக்காவை மட்டும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பாவிகள். அந்த டாக்டரை ராஜராஜேஸ்வரி மன்னிக்கவே இல்லை.

அதனால் யார் வந்தாலும் அவளுடைய முதல் பேச்சு இதுதான்: "இங்கன பேசுதது இந்த வாசலைத் தாண்டாது. நீங்க வந்தீங்களாங்கிறதே தாண்டாது. பிடிக்கலைன்னா பாதியில எந்திரிச்சுப் போகலாம். ஏன் இப்படிக் கேக்கேன்னு என்னையும் கேக்கலாம். அது உங்க உரிமை." புத்தி சொல்ல மாட்டாள். 'பொறுத்துப் போம்மா' என்ற பேச்சே அவள் வாயில் வராது.

தொண்ணூற்றாறில் சித்ரலேகா வந்தாள். ஸ்ரீவைகுண்டத்துப் பெண், பாளையங்கோட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அப்பா இறந்த பிறகு அவளுக்குத் தூக்கமில்லை; பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடக்கும். வீட்டுக்குத் தெரியாமல் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து, பேசி, அழுது, சில மாதத்தில் தேறிவிட்டாள். அவ்வளவுதான் சங்கதி.

அடுத்த தை மாதம், ராஜராஜேஸ்வரியின் கணவருடைய அண்ணன் அம்பலவாணன் வந்து உட்கார்ந்தார். வீடு அவருடையது. போர்டு மாட்டக் கூடாது என்று குடும்பமே குதித்தபோது முன்னறையைத் திறந்துவிட்டவரும் அவர்தான். மகன் குருபிரசாத்துக்குப் பெண் பார்த்து எல்லாம் பொருந்திவிட்டது என்றார். பெண் யாரென்று கேட்டால், சித்ரலேகா!

"பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா. ஆனா அவ இந்தப் படியில எறங்கிப் போனதை ஒங்க அக்கா ஒரு நாள் பாத்திருக்கா. என்ன விசயம், ராஜி?"

அவர் மனைவியைத்தான் அக்கா என்றார்.

"யாரு வந்தா, யாரு வரலைன்னு நான் சொல்லுதது இல்லை, அத்தான்."

"நான் என்ன கதையா கேக்கேன்? ஒண்ணுமில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே வெத்தல பாக்கு மாத்திருதேன்."

மௌனம் சம்மதம் என்பார்கள். பெண் விசாரிக்கிற இடத்தில் மட்டும் அது தலைகீழ். நல்ல பெண் என்றால் 'தங்கமான பிள்ளை' என்று வாய் நிறையச் சொல்வார்கள். குறை இருந்தால்தான் 'நமக்கெதுக்குப் பொல்லாப்பு' என்று வாயை மூடிக்கொள்வார்கள். ஒருத்தர் வாயை மூடினால் போதும், மாப்பிள்ளை வீட்டார் அடுத்த ஜாதகத்தைப் பிரித்துவிடுவார்கள். இது ராஜராஜேஸ்வரிக்குத் தெரியாதா என்ன?

"நல்லதைத்தானட்டி சொல்லப் போற? அதுல என்ன ரகசியம்?" என்றார் கணவர்.

"இன்னைக்கு ஒருத்திக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டா, நாளைக்கு நான் சொல்லாம விட்டவ கழுத்துல கத்திதான்."

சித்ரலேகாவே 'சொல்லுங்க' என்று சொன்னால் சொல்லலாம். அவளிடம் எப்படிக் கேட்பது? கல்யாணப் பேச்சு எடுத்ததுமே வீட்டில் அவளை வேலையை விடச் சொல்லிவிட்டார்கள். போன் செய்தால் அம்மா எடுப்பாள். யார், எப்படிப் பழக்கம் என்று துருவுவாள். நேரில் போனாலும் அதே கதிதான். மென்று விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் தவித்தாள். அந்தப் பெண்ணின் வாழ்வு தன் நாக்கில் கிடக்கிறதே என்று அழுகையாக வந்தது.

அம்பலவாணன் தினமும் வந்தார். ஒன்றும் கேட்காமல் காப்பி குடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். கடைசியில் ஒரு நாள் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சரிம்மா, புரிஞ்சு போச்சு."

"அத்தான், நீங்களா எதையாவது நெனைச்சுக்கிடாதீங்க. நான் ஒண்ணுமே சொல்லலை."

"ஆமா, நீ ஒண்ணுமே சொல்லலை. அதான் புரிஞ்சுட்டு."

சம்பந்தம் முறிந்தது. அதோடு விட்டதா ஊர்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? 'அந்த ஆலோசனைக்காரியே சொல்லிட்டாளாம்' என்று கல்யாண வீட்டுப் பந்திவரை பேச்சு பரவியது. சொல்லவில்லை என்று மறுத்தால், சித்ரலேகா வந்து போனதை ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கும் வாயை மூடிக்கொண்டாள். காய்கறிப் பைகளின் வரத்து நின்றது. முன்னறையில் பகலெல்லாம் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

பங்குனி வெயிலில் ஒரு மத்தியானம் சித்ரலேகா முன்கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். யார் பார்த்தால் என்ன என்று நடுத்தெருவில் நடந்து வந்திருக்கிறாள். ராஜராஜேஸ்வரி பதறி எழுந்தாள்.

"நான் ஒரு வார்த்தை சொல்லலைம்மா. சத்தியமா."

"தெரியும்க்கா" என்றாள் சித்ரலேகா. "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே. நீங்க சொல்லியிருந்தா கல்யாணம் நடந்திருக்கும்."