அம்மாவுக்கு வராத பிறந்த வீட்டுக் கோடி

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கு வணக்கம். அம்மாவைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதச் சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அது நல்லதாகப் படாது.

திருமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர் அம்மா. செல்லூரில் வாழ்க்கைப்பட்டு, எனக்கு ஐந்து வயதாகும்போது அப்பாவை இழந்தார். தறிப்பட்டறையில் நூல் சுற்றி என்னை வளர்த்தார். நான் நன்றாக ஓடுவேன். பள்ளிக்கூடத்தில் என்னை முந்த ஆளில்லை. அம்மாவின் அண்ணன், என் தாய்மாமன், அப்போதே சொல்லிவைத்திருந்தார்: வயசுக்கு வரும்வரை ஓடட்டும், அதன்பிறகு வீட்டோடு இருக்க வேண்டும், என் மகனுக்குத்தான் அவள்.

பதின்மூன்றில் வயசுக்கு வந்தேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா கதவைச் சாத்தினார்.

"யார்ட்டயும் மூச்சு விடாத. ஓடுற வரைக்கும் ஓடு."

தாய்மாமனுக்கு முதலில் சொல்லிவிடுவதுதான் முறை. அம்மா சொல்லவில்லை. இரண்டு வருடம் என் துணியைத் தன் சேலைக்கு அடியில் போட்டு உலர்த்தினார்.

ஊரை ஏமாற்றியவருக்குச் சாமியை ஏமாற்ற மனசு வரவில்லை. குலதெய்வமான அம்மன் கோயில் பொங்கலன்று எனக்குத் தீட்டு. தலைவலி என்று சொல்லி என்னைக் கோயிலுக்கு வெளியே புளியமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார். மாமாவின் மனைவி ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். பானை பொங்குமுன் அம்மாவின் கன்னத்தில் மாமாவின் கை இறங்கியது. நீங்களெல்லாம் அங்கேதான் நின்றீர்கள். ஒருவரும் தடுக்கவில்லை.

"இன்னையோட எனக்குத் தங்கச்சி இல்ல. நீ செத்தாலும் பெறந்த வீட்டுக் கோடி வராது" என்றார் மாமா.

எனக்குச் சடங்கு நடக்கவில்லை. பெண் கேட்டு யாரும் படியேறவில்லை. ஓடினேன். மாவட்டத்தில் மூன்றாவதாக வந்தேன், அதற்குமேல் என்னால் முடியவில்லை. அம்மா பட்ட பாட்டுக்கெல்லாம் கிடைத்தது அந்த ஒரு மூன்றாம் பரிசு. ஒருநாள் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். "ஓடுனேல்ல, அம்புட்டுத்தான்" என்று சோற்றைப் போட்டார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, அண்ணன் வந்தாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆள்விட்டும் மாமா வரவில்லை. அம்மா இறந்த அன்று வந்தார், வெறுங்கையோடு. பிறந்த வீட்டார் போர்த்த வேண்டிய கோடிச் சேலைக்காக அம்மாவை மதியம் வரை கிடத்தியிருந்தோம். மாமா பந்தலில் நாற்காலி போட்டு டீ குடித்தார். சொன்ன சொல் தவறாத மனிதர். பட்டறைப் பெண்கள் ஒரு சேலை வாங்கி வந்தார்கள். பிறந்த வீட்டார் போடாதது கோடியே இல்லை என்று பெரியவர்கள் மறித்தார்கள். நானே பிடுங்கிப் போர்த்தினேன்.

அந்தப் பெண்களுக்கு என் நன்றி. பாடை தூக்கியவர்களுக்கும், மூன்று நாள் சமைத்துப் போட்ட பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. மாமாவுக்குச் சொல்ல என்னிடம் நன்றி இல்லை.

இப்போது நான் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். போன மாதம் ஒரு பிள்ளை என் காதருகே வந்து, வீட்டுக்கு இன்னும் தெரியாது, தெரிந்தால் ஓட விடமாட்டார்கள் என்றாள். மூச்சு விடாதே என்றேன். அம்மா செய்த தவறை அவள் செய்யக் கூடாதென்று இன்னொன்றும் சொன்னேன்.

"கோயிலுக்குக் கூப்பிட்டா எல்லாரோடயும் உள்ள போயிரு. ஆத்தா ஒண்ணும் சொல்ல மாட்டா."

அவள் யார் வீட்டுப் பிள்ளை என்று எழுதமாட்டேன். இந்த மலர் அந்த வீட்டுக்கும் வந்திருக்கிறது.