கருவாட்டு அமாவாசை

பத்து வயதில் நான் அடுத்த வீட்டுக் காக்கைகளைக் கருவாடு கொடுத்து வளைத்துப் போட்டிருக்கிறேன். அதுவும் முட்டை வாசனைகூட நுழையாத சைவ வீட்டில் பிறந்துவிட்டு. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லிக்கொள்கிற மாதிரியா இருக்கிறது?

தென்காசியில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் ஒன்றாக இருந்து பாகம் பிரிந்தவை. புறவாசலை ஒரு நெஞ்சுயரச் சுவர் இரண்டாக்கியிருந்தது. பெரியப்பா மகள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். காலையில் அவள் ஒரு கை குருணையை வீசினால் போதும், ஏழெட்டுத் தவிட்டுக்குருவிகள் கல்யாண வீட்டுப் பெண்கள் போலச் சலசலத்துக்கொண்டு இறங்கும். மைனா வரும். கொண்டைக்குருவி அவள் பிட்டு வைத்த பழத்தை அவள் பக்கத்திலேயே நின்று தின்னும். காக்கைகளுக்கோ அவள் பள்ளிக்கூடம் கிளம்பும் நேரமே அத்துப்படி. நானும் அதே குருணையை, அதே நேரத்தில், இரண்டு மடங்காக வீசினேன். எறும்பு வந்தது.

“மூஞ்சிய அங்கன திருப்பிக்கிட்டுப் போடுல, ஒருவேள வரும்” என்றாள் அக்கா.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அமாவாசையைத்தான் தாங்க முடியவில்லை. செத்துப்போன தாத்தாவுக்குப் படைத்த சோற்றைக் காக்கை எடுத்த பிறகுதான் விரதம் இருப்பவர் சாப்பிடலாம். சுவரின் தெற்கு முனையில் பெரியப்பா இலை வைப்பார், வடக்கு முனையில் அப்பா. அக்கா ஒரு தடவை ‘கா’ என்றால் தாத்தா தெற்கே வந்துவிடுவார். “அப்பா வந்துட்டாவ!” என்று எங்களுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் பெரியப்பா சாப்பிடப் போவார். என் அப்பா பசியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஆடி அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பு, கூடப் படித்தவனுக்குக் கட்டுரை நோட்டு எழுதிக் கொடுத்து ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாடு வாங்கினேன். தினமும் யாரும் பார்க்காத நேரத்தில் வடக்கு முனையில் நாலைந்து வைத்தேன். மூன்றாம் நாளே காக்கைகள் கட்சி மாறின.

அமாவாசையன்று அண்ணனும் தம்பியும் குற்றாலத்தில் தனித்தனியாகக் குளித்து, தனித்தனியாகத் தர்ப்பணம் கொடுத்து, ஒரே பஸ்ஸில் பேசாமல் திரும்பினார்கள். அப்பா இலையிலிருந்து கையை எடுக்கவில்லை, அதற்குள் பத்துப் பதினைந்து காக்கைகள். “அப்பா வந்துட்டாவ!” என்று அவர் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும். அந்தப் பக்கம் அக்கா தொண்டை கம்மக் கூப்பிட்டாள். தவிட்டுக்குருவிகள்தான் வந்து வடையைக் கொத்தின. அமாவாசையில் அவை சேர்த்தி இல்லை.

மணி இரண்டாயிற்று. சர்க்கரை வியாதிக்காரரான பெரியப்பா துவைக்கிற கல்லில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அக்கா அழுதுகொண்டே முகம் கழுவப் போனாள். நான் ரசித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு கண்ணைச் சுவர்மேல் வைத்தபடி இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தார். அவர் முகத்தில் இருந்ததைப் பக்தி என்றுதான் நினைத்தேன். ஒரு வருஷமாகப் புறவாசலில் அக்காவைப் பார்த்து நான் வைத்துக்கொண்டிருந்த அதே முகம் அது என்று விளங்க, எனக்கு மீசை நரைக்க வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு மட்டும் மூக்கு வேலை செய்தது. என் டவுசர் பையைப் பிதுக்கி, “என்னல இது?” என்றாள். சொன்னேன். அடிக்கவில்லை. மிச்சக் கருவாட்டை இலைத் துணுக்கால் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு போய், பெரியப்பா இலையில் சோற்றுக்கு அடியில் செருகிவிட்டு வந்தாள். ஐந்து நிமிஷத்தில் தெற்குப் பக்கமிருந்து தழுதழுத்த குரல்: “அப்பா வந்துட்டாவ!”

எனக்குக் குழப்பமாகிவிட்டது. “அப்பம் தாத்தா நெசமா யாரு வீட்டுக்கும்மா வந்தாவ?” என்று கேட்டேன்.

அம்மா கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்: “உசுரோட இருந்தப்பவே ரெண்டு வீட்டுச் சோத்தையும் தொட மாட்டாவல. மூணு நேரமும் சாப்பிட ரயிலடிக் கிளப்புக்கடைக்குல்லா போவாவ.”