யாருக்கு எந்தக் கரண்டு வண்டி?

கரண்டு வண்டி விற்கிறவளிடம் வண்டி எப்படி ஓடும் என்று கேட்பவர்கள் குறைவு; நடுவழியில் நின்றுவிட்டால் யார் தள்ளுவது என்று கேட்பவர்கள்தான் அதிகம்.

உத்திரமேரூரில், வந்தவாசி சாலையில் எங்கள் கடை. ஸ்கூட்டரும் ஆட்டோவும் கடையிலேயே இருக்கும். கார் வேண்டுமென்றால் காஞ்சிபுரத்துக் கடையிலிருந்து ஓட்டிப் பார்க்க வரவழைப்போம். நான் விற்பனைக்கு, பாபு மெக்கானிக். ஏதாவது ஒரு கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே பதில் சொல்லிப் பிழைப்பவரா நீங்கள்? அப்படியானால் கீழே உள்ளதெல்லாம் உங்களுக்குப் புதிதாக இருக்காது.

தூக்குகிற பேட்டரி

ஸ்டெல்லா அக்கா மாகறலிலிருந்து ஷூ கம்பெனிக்குப் போகிறவர். கம்பெனி வேனைத் தவறவிட்டால் அன்றைய கூலி போய்விடும். அதற்காகத்தான் ஸ்கூட்டர். கூட வந்த அவர் வீட்டுக்காரர் ஏசுதாஸ், கடையிலேயே பெரிய வண்டியாகப் பார்த்து அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். நெடுந்தூரம் போகும், ஆனால் பேட்டரி வண்டியோடு சேர்ந்தது, கழற்ற முடியாது. "சார்ஜ் எங்கண்ணா போடுவீங்க?" என்றேன். வீட்டில் பிளக் இருப்பது உள்ளே, டி.வி. பக்கத்தில். சந்து குறுகல் என்பதால் வண்டி தெருமுனையில்தான் நிற்கும். "அதுக்கின்னா, தெருவுல ஒயர் இய்த்துக்கினு போயிட்றேன்" என்றார். "அந்தத் தெருவுலதான் பசங்க வெளையாடுது, மழ வந்தா தண்ணி நிக்கிது" என்றார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போகும் வண்டியைக் காட்டினேன். தூரம் குறைவுதான், கம்பெனிக்குப் போய்வரத் தாராளம். ஏசுதாஸ் பேட்டரியைத் தூக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "தெனமும் இத்த யாரு தூக்கறது?"

ஸ்டெல்லா அக்கா அதை ஒரு கையால் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னார்: "நீ குடிச்சிட்டு வர்ற அன்னிக்கு உன்னியே தூக்கியாந்து உள்ள போடறேன், இது இன்னா பெரிய கனம்?"

ஏரிக்கரை ஏற்றம்

லைசென்ஸும் நம்பர் பிளேட்டும் தேவைப்படாத மெதுவான ஸ்கூட்டர் ஒன்று உண்டு. சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகம். கடைகண்ணிக்குப் போக நல்ல வண்டி. பால் ஊற்றும் கண்ணப்பன் அதைத்தான் கேட்டார். கேன் சுமையோடு ஏரிக்கரை ஏறாது என்று சொல்லிப் பார்த்தேன். "நான் இன்னா ரேஸுக்கா போறேன்?" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நாளில் திரும்பி வந்தார். கரை ஏற்றத்தில் வண்டி திணறி, இறங்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். போய்ச் சேருவதற்குள் பால் எடுக்கிற இடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். அன்று அவர் வீட்டில் அத்தனை பாலும் தயிர். லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வேகமான வண்டியாக வாங்குவது, இதை மனைவிக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தார். "இந்த வண்டில இன்னாண்ணா கொறை?" என்று பாபு கேட்டான்.

"கொறையே சொல்லமாட்டேன் நைனா, நல்லாத்தான் கீது, பால் கறந்த மாடே என்னத் தாண்டிப் போயிக்கினு கீது, அதான் ஒரு மாதிரி கீது."

சார்ஜ் இறங்கிய மத்தியானம்

ஷேர் ஆட்டோ ஓட்டும் முருகன் அண்ணன் டீசலை விட்டுக் கரண்டு ஆட்டோவுக்கு மாறினார். தீர்ந்த பேட்டரியைக் கொடுத்து நிறைந்ததை மாற்றிக்கொள்ளும் ஆட்டோவும் இருக்கிறது. ஆனால் மாற்றித் தரும் நிலையம் எங்கள் பக்கத்தில் இல்லை. அதனால் வீட்டிலேயே சார்ஜ் போடும் வண்டியை வாங்கினார். மத்தியானம் சாப்பிடும் நேரத்தில் வண்டியையும் பிளக்கில் போட்டுவிட வேண்டும் என்று பாபு படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

ஒருநாள் சவாரி அதிகம். சாப்பாடும் இல்லை, சார்ஜும் இல்லை. ஊர்க்கோடியில் இருளர் குடியிருப்பைத் தாண்டும்போது ஓர் அம்மா நடுரோட்டில் வந்து மறித்தார். மகள் வள்ளிக்குப் பிரசவ வலி. முருகன் அண்ணன் யோசிக்காமல் இருவரையும் ஏற்றிக்கொண்டார். ஏற்றிய பிறகுதான் சார்ஜைப் பார்த்தார். கடைக்குப் போன் வந்தது. "முறுக்காதண்ணா, மெதுவா வா. மெதுவா வந்தாத்தான் தூரம் கெடைக்கும்" என்று பாபு கத்தினான். போனில் பின்னாலிருந்து அந்த அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது: "வெரசாப் போ நைனா, புள்ள துடிக்கிது!" வேகமாகப் போனால் நின்றுவிடும் என்பதை அந்த நேரத்தில் அவரிடம் யார் விளக்குவது?

பாபு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு எதிரே ஓடினான். பஸ் ஸ்டாண்டுக்குச் சற்று முன்னால் ஆட்டோ நின்றேவிட்டது. பாபு பின்னால் போய் ஒரு காலை ஆட்டோவின்மேல் வைத்து, தன் ஸ்கூட்டரை முறுக்கி, ஆஸ்பத்திரி வாசல்வரை தள்ளிக்கொண்டே போனான். பெண் குழந்தை. இரண்டு உயிரும் சுகம். கடைக்குத் திரும்பியபோது பாபுவுக்குக் கால் மரத்துப் போயிருந்தது. முருகன் அண்ணன் டீயை உறிஞ்சியபடி சொன்னார்:

"டீசலா இருந்தா எவன் வண்டிலியாவது டியூப்பு வுட்டு உறிஞ்சி ஊத்தியிருப்பேன், கரண்ட்ட இன்னாத்த வுட்டுப்பா உறியறது?"

வேளாங்கண்ணி எத்தனை தூரம்?

ரிட்டையரான ஞானமுத்து வாத்தியார் கார் கேட்டு வந்தார். மனைவிக்கு வாரத்தில் இரண்டு நாள் காஞ்சிபுரத்தில் டயாலிசிஸ். திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்க அவருக்குத் தெம்பு இருப்பதில்லை. சின்ன பேட்டரி கார், பெரிய பேட்டரி கார், பெட்ரோலும் கரண்டும் கலந்தது என்று மூன்றையும் விளக்கினேன். எதைச் சொன்னாலும், "இதுல வேளாங்கண்ணி வரைக்கும் நிக்காம போவலாமா?" என்பதிலேயே இருந்தார். வருடம் தவறாமல் போகிறவராம். சின்ன பேட்டரி என்றால் வழியில் சார்ஜ் போட்டுத்தான் போகவேண்டும் என்றேன். முகம் வாடிவிட்டது.

அவர் மனைவியும் கூட வந்திருந்தார். ஓட்டிப் பார்க்க வரவழைத்திருந்த சின்ன காரின் பின் கதவைத் திறந்து, காலை நீட்டி உட்கார்ந்து, சாய்ந்து பார்த்தார். கண்ணையும் மூடிக்கொண்டார். வாத்தியார் குனிந்து, "இன்னா, முடியலியா?" என்றார்.

"வருசத்துல ஒருவாட்டி வேளாங்கண்ணி போறோம், வாரத்துல ரெண்டுவாட்டி காஞ்சிபுரம் போறோம், மாதாவையே கேட்டுப் பாருங்க, காஞ்சிபுரத்துக்கு வண்டி வாங்குன்னுதான் சொல்லுவா."

ஒரு சார்ஜில் வண்டி எவ்வளவு தூரம் போகும் என்று கம்பெனி எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறது. யார் எங்கே போகவேண்டும் என்ற பாடத்தை, வண்டி வாங்க வருகிறவர்கள்தான் எனக்கு நடத்திவிட்டுப் போகிறார்கள்.