தைக்கக் கூடாத ஓட்டை

“நான் ஒண்ணும் கோபமா இல்லை” என்றாள் குக்கர்.

யாரும் அவளைக் கேட்கவில்லை. நேற்று காலை வகுப்புக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தாள். அவள் பையை மேசைமேல் போட்ட வேகத்தில் முன் பெஞ்சுக்காரியின் பேனா உருண்டு கீழே விழுந்தது.

“சரிடி, நாங்க ஒண்ணும் சொல்லலையே” என்றாள் ஒட்டடை.

“கோபமா இல்லைன்னா இல்லை. அதோட விடு.”

“முதல் விசில்!” என்று பின்னாலிருந்து ஒருத்தி குரல் கொடுத்தாள். வகுப்பே சிரித்தது.

குக்கர் என்று பேர் வந்ததே அப்படித்தான். மூன்று தடவை உஸ்ஸென்பாள், நாலாவது தடவை மூடி தெறிக்கும். கல்லூரியில் இரண்டாம் வருஷம், ஆள் குள்ளம், கை மட்டும் மின்னல். வாலிபாலில் பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை. அதை அடித்து இறக்குவது அவள் உயிர்த்தோழியின் வேலை. ஒட்டடைக் குச்சி மாதிரி வளர்ந்தவள் என்பதால் அவளுக்கு ஒட்டடை. குக்கர் தூக்கிக் கொடுக்காவிட்டால் தன் உயரம் ஜன்னல் துடைக்கத்தான் ஆகும் என்று ஒட்டடையே சொல்வாள்.

நேற்று சாயங்காலம் நாலு மணிக்கு மூன்றாம் வருஷக்காரிகளோடு ஆட்டம். ஜெயித்தவர்களுக்கு இந்த வருஷம் பூராவும் சாயங்கால மைதானம், தோற்றவர்களுக்கு மத்தியான வெயில். போன வருஷம் இவர்கள் தோற்று, வருஷம் முழுக்கக் கருவாடாகக் காய்ந்தார்கள். அதிலிருந்து குக்கர் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

“பந்தை எடுடி, காத்து அடிச்சு வைப்போம்” என்றாள் ஒட்டடை.

குக்கர் பையைத் திறக்கவில்லை. உஸ்ஸென்றாள். அது இரண்டாவது விசில்.

இவர்களுக்கு நல்ல பந்து ஒன்றுதான். கல்லூரிப் பந்துகள் எல்லாம் பூசணிக்காய், அடித்தால் கைதான் வீங்கும். அதனால் அந்த ஒரு பந்து தினமும் ஒருத்தி வீட்டுக்குப் போகும், மறுநாள் வரும். முறை எழுதிய தாள் வகுப்புக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. அதன் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘பந்து வரலைன்னா ஆள் அடுத்த ஆட்டத்துல வெளியே. காரணம் கேக்கப்படாது.’ எழுதியது குக்கர். போன மாதம் காய்ச்சலில் முனகிக்கொண்டே வந்த ஒட்டடை பந்தை வீட்டிலேயே வைத்துவிட்டாள். குக்கர் தாளைக் காட்டினாள். ஒட்டடை அந்த ஆட்டம் பூராவும் ஓரத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முந்தாநாள் ராத்திரி பந்து போனது குக்கர் வீட்டுக்கு.

அங்கேதான் கூத்து. குக்கரின் அக்கா குழந்தையோடு வந்து இருபது நாள் ஆகிறது. பெண் குழந்தை. உள்ளங்கை அகலத்துக்கு முகம், அதில் பாதி கண்ணு. கொட்டாவி விட்டால் வீடே வேலையை விட்டுவிட்டுப் பார்க்கும். தாத்தா ஆன சந்தோஷத்தில் அப்பாவுக்குக் கை நிற்கவில்லை. அவருக்குத் தொழிலே வண்டிகளுக்கு சீட்டு தைப்பது. வளைந்த ஊசியும் மெழுகு நூலுமாக வீட்டிலிருந்த கிழிசலையெல்லாம் தேடித் தேடித் தைத்தார். திரைச்சீலை, தலையணை, குடை உறை, அம்மாவின் செருப்பு வார். பேத்தி இருக்கிற வீட்டில் ஒரு ஓட்டை இருக்கக் கூடாதாம்.

நேற்று காலை குக்கர் மூலையிலிருந்து பந்தை எடுத்தாள். பந்து சப்பாத்தி மாதிரி கையில் மடிந்தது. காற்று அடிக்கிற துளை இருக்க வேண்டிய இடத்தில் நகத்தளவு தோல் ஒட்டுப் போட்டு, சுற்றிலும் பொடித் தையல்.

“அப்பா! இது யாரு செஞ்சது?”

“நான்தாம்மா” என்றார் அப்பா, முகமெல்லாம் பல்லாக. “ராத்திரி பூரா காத்து இறங்கிக்கிட்டே இருக்குதுன்னு நீதானே சலிச்சுக்கிட்டே? தேடிப் பாத்தேன். சரியா ஒரு ஓட்டை! அடைச்சிட்டேன். தடவிப் பாரு, தையல் கையில தட்டுதா?”

“அது காத்து அடிக்கிற ஓட்டைப்பா!”

“அப்படியா?” என்று அவர் பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அதான் அவ்வளவு வட்டமா இருந்துச்சா. நான்கூட நெனச்சேன், எலி இவ்வளவு சுத்தமாக் கடிக்காதேன்னு.”

“உள்ளே இருக்கிற ரப்பரையும் சேத்துத் தைச்சிருக்கீங்க! இன்னைக்கு ஆட்டம்! ஒரு வருஷமா இதுக்காக…”

அவள் போட்ட சத்தத்தில் குழந்தை வீரிட்டது. அக்கா அறைக்குள்ளிருந்தே சீறினாள். “இப்பத்தாண்டி தூங்க வெச்சேன்! உனக்கு நேரம் காலமே கிடையாதா?”

“பந்தைக் கொன்னது அவரு, திட்டு எனக்கா?”

“மெதுவாப் பேசும்மா” என்றார் அப்பா, கிசுகிசுவென்று. “சித்தி ஆகிட்டே, கொஞ்சம் பொறுமை வேணாமா?”

சித்தி! பத்தொன்பது வயசில் அந்தப் பட்டத்தை யார் கேட்டது? சப்பைப் பந்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை அறைந்து சாத்த வேண்டும்போல் கை துடித்தது. குழந்தை எழுந்துவிடுமே என்று பூப்போலச் சாத்தினாள். அதில்தான் அவள் கோபம் இரண்டு மடங்கு ஆயிற்று.

வகுப்பில் கடைசியில் பந்தை வெளியே எடுத்து மேசைமேல் போட்டாள். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பிறகு ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கு அடியில் போய்விட்டாள்.

“தையல் என்ன அழகுடி” என்றாள் ஒட்டடை, விரலால் தடவி. “என் பையோட ஜிப்பைக்கூடக் குடுத்து விடலாம்போல.”

“சிரிங்கடி, சிரிங்க. மூணாம் வருஷக்காரிங்ககிட்ட பந்து இருக்கு, அதுல ஆடுவோம். நான் தூக்கிக் குடுக்கிறேன், நீ அடி.”

ஒட்டடை சிரிப்பை நிறுத்தினாள். கதவுப் பக்கம் கையை நீட்டினாள். “அங்கே என்ன எழுதியிருக்கு?”

“ஏய், எங்கப்பா செஞ்சதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?”

“எனக்குக் காய்ச்சல் வந்ததுக்கு நான் என்னடி பண்ணேன்?”

மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். நாலாவது விசிலோடு மூடி தெறிக்கும் என்று காத்திருந்தவர்களுக்கு ஏமாற்றம். குக்கர் எழுந்து போய் அந்தச் சிவப்பு வரியை ஒரு தடவை படித்தாள். சொந்தக் கையெழுத்தைக் கண்டு அவளுக்கு வந்த எரிச்சல் இவ்வளவு அவ்வளவு இல்லை.

“துண்டை எடு” என்றாள்.

நாலு மணிக்கு ஓரத்துப் பெஞ்சில், வலைக்கு நேராக உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது பேருக்குத்தான். “காலை நகத்துடி! தூங்குறியா? அது பந்துடி, பாம்பு இல்லை, கிட்டப் போ!” என்று அவள் போட்ட கூச்சலில் பி.டி. மிஸ் இரண்டு தடவை விசிலை வாயிலிருந்து எடுத்து முறைத்தார். முதல் செட் போனது. இரண்டாவது செட் எப்படியோ வந்தது. மூன்றாவதில் பதின்மூன்றுக்குப் பதின்மூன்று.

ஒட்டடை டைம்-அவுட் கேட்டு ஓரத்துக்கு வந்தாள். வியர்வை சொட்டியது. குக்கர் துண்டை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

“வாடி உள்ளே” என்றாள்.

“என்னது?”

“எனக்கு ஒருத்தியும் ஒழுங்காத் தூக்கிக் குடுக்கலை. காலையில பேசினது காலையோட போச்சு. நான் சொல்றேன், வா.”

குக்கர் பாதி எழுந்துவிட்டாள். ஷூ நாடாவைக்கூட இழுத்துக் கட்டினாள். பிறகு, கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். போன மாதம் இதே துண்டு. அன்றைக்கு இவள் ஒட்டடையை ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

“நீ பூரா ஆட்டமும் உக்காந்தே. நான் முக்காலோட எந்திரிச்சு வரணுமா? போடி. போய் ஆடு. தோத்துட்டு வந்தே, கொன்னுடுவேன்.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

அடுத்த புள்ளி மூன்றாம் வருஷத்துக்குப் போனது. பதினாலுக்குப் பதின்மூன்று. இன்னும் ஒன்று போனால் எல்லாம் போச்சு. அவர்களில் ஒருத்தி ஓங்கி அடித்தாள். பந்து வலைக்கு மேலே வரவில்லை. கம்பத்தை ஒட்டி, வலையில் ஒரு மாதமாக ஷூ நாடாவால் முடிந்து வைத்திருந்த கிழிசல் வழியாக, முடிச்சை அறுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து தரையில் விழுந்தது. பி.டி. மிஸ் எதிர்ப் பக்கத்துக் கம்பத்தருகே நின்றார். கையைத் தூக்கிப் புள்ளியை மூன்றாம் வருஷத்துக்குக் கொடுத்துவிட்டார்.

“மிஸ்! ஓட்டை வழியா வந்துச்சு மிஸ்! என் கண்ணு முன்னாடி!” குக்கர் பெஞ்சைத் தள்ளிக்கொண்டு ஓடினாள்.

“ஆடினவங்க சொல்லட்டும். வெளியே இருக்கிறவங்க பேசக் கூடாது” என்றார் மிஸ். “யாராவது பாத்தீங்களாம்மா?”

ஆடினவர்கள் எல்லோரும் பந்து விழுந்த இடத்தைத்தான் பார்த்திருந்தார்கள். ஒட்டடை குக்கரைப் பார்த்தாள், வலையைப் பார்த்தாள்.

“நான் பாக்கலை மிஸ்” என்றாள். பொய் சொல்ல வரவில்லை அவளுக்கு.

ஆக, மத்தியான வெயில். குக்கர் துண்டை மண்ணில் ஓங்கி அடித்தாள், மறுபடி எடுத்து உதறி மடித்தாள், மறுபடி அடித்தாள். வீடு வரைக்கும் ஒட்டடை கூடவே நடந்தாள். வாசலில் ஒட்டடை, “குழந்தையைப் பாத்துட்டுப் போறேன்டி” என்றாள். அவளுடைய அந்த நீளக் கையில் ஏறியதும் குழந்தை அழுகையை நிறுத்திக் கொட்டாவி விட்டது. அதற்கும் குக்கருக்கு ஆத்திரம்தான். தான் தூக்கினால் அது ஒரு நாளும் கொட்டாவி விட்டதில்லை.

ஒட்டடை நடந்ததையெல்லாம் சொல்ல, அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். ஒட்டுத் தையலைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ரப்பர் இரண்டாகக் கிழிந்திருந்தது. ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. பேத்தியைக்கூட இரண்டே தடவைதான் எட்டிப் பார்த்தார்.

இன்று காலை குக்கர் கிளம்பும்போது அவர் வாசலில் ஊசிப் பெட்டியோடு நின்றிருந்தார், என்ன செய்வதென்று தெரியாமல். குக்கர் செருப்பை மாட்டினாள். இரண்டு எட்டு வைத்தாள். திரும்பிப் பார்த்தாள்.

“நிக்காதீங்க, வாங்க. நான் விரலை வெச்சுக் காட்டுற ஓட்டையை மட்டும் தைக்கணும். அந்த வலையில மத்ததெல்லாம் சும்மா விட்ட ஓட்டைப்பா, சத்தியமா, ஒண்ணைக்கூடத் தொடக் கூடாது.”