தெர்மாகோல் வீடு

என் கணவருக்கு ஒரு குணம் உண்டு. யாராவது எரிச்சலில் ஏதாவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்வார். நிலாவைப் பிடித்துக்கொண்டு வா என்றால் எந்த ஏணி எட்டும் என்று யோசிக்கிற மனிதர். எழுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடியில் எங்கள் வீட்டு வண்டிக் கொட்டகையில், தெர்மாகோலால் செய்த ஒரு குட்டி வீடு இரண்டு சக்கரத்தின் மேல் வந்து நின்றதற்கு அந்தக் குணம்தான் காரணம்.

எனக்கு அப்போது ஒரே ஓர் ஆசைதான். கடற்கரையில் ஓர் இரவு தங்க வேண்டும், நானும் அவரும் மட்டும். பேராசை என்று நினைக்காதீர்கள். நாங்கள் இருந்தது முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற வீடு. பங்காளிகள் ஏழெட்டுக் குடும்பம். கணவனோடு நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு யாராவது பதில் சொல்வார்கள். கல்யாணமாகி நாலைந்து வருஷம் இப்படியே ஓடிவிட்டது. தொண்டிக் கடலோ தேவகோட்டையைத் தாண்டினால் எட்டிவிடுகிற தூரம்.

ஆனால் என் மாமியாருக்கும் கடலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாமனார் பர்மாவில் கடை வைத்திருந்தவர். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை கப்பலில் வருவார், சில மாதம் இருப்பார், மறுபடி கப்பல் ஏறிவிடுவார். இளமை முழுக்க மாமியாருக்கு இப்படியே போனது. பிறகு மாமனார் ஊரோடு வந்து, கொஞ்ச காலம் நன்றாக இருந்து, காலமாகிவிட்டார். மாமியாரின் கோபம் மட்டும் தணியவில்லை. ராமேஸ்வரத்துக்குப் போனபோதுகூட அக்னி தீர்த்தத்தில் கரையைப் பார்த்து நின்று, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் முங்கினாராம்.

ஒருநாள் என் கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமியாரிடம் போய் நான் தொண்டி என்றேன்.

"அதுல என்னத்தைப் பாக்கப் போறீக?" என்றார். "நம்ம வீட்டுப் பொம்பளைக கண்ட லாட்ஜுல படுக்குறதில்லை. நம்ம கூரைக்குக் கீழ படுக்குறதா இருந்தா எங்குட்டு வேணும்னாலும் போயிட்டு வாங்க."

முடியாது என்பதைத்தான் அவர் அப்படிச் சொன்னார். எனக்குப் புரிந்தது, அழுகை வந்தது. என் கணவர் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "அப்ப கூரையைக் கையோட கொண்டுபோயிட்டாச் சரி, என்ன ஆத்தா?" என்று கேட்டார். மாமியார் ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். அதைச் சம்மதம் என்று இவர் எடுத்துக்கொண்டார்.

ஊரில் செக்காலைப் பக்கம் இவருக்கு ரேடியோ பழுதுபார்க்கும் கடை. வேலை இல்லாத நேரத்தில் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டுவார். காருக்குப் பின்னால் கோத்து இழுக்கிற வீட்டை அதில்தான் பார்த்தாராம். எங்களிடம் இருந்தது மாமனார் காலத்துச் சின்ன மோட்டார் கார். அதுவே ஏறி உட்கார்ந்த ஆட்களை இழுக்க முனகும். அதனால் வீடு கனமே இல்லாமல் இருக்க வேண்டும். தொண்டிப் பக்கம் மீனுக்காகக் கட்டத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன ஒரு குளிர்க்கிடங்கில் தெர்மாகோல் பலகைகள் சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு மாட்டுவண்டி நிறைய வாங்கி வந்துவிட்டார். ஒவ்வொன்றும் நாலு விரற்கடை தடிமன். தூக்கினால் அப்பளக் கட்டுக்கூட இதைவிடக் கனம் என்று தோன்றும்.

அறுப்பதற்கு ரம்பம் உதவவில்லை. பொரி பொரியாக உதிர்ந்து தெருவெல்லாம் பறந்தது. எங்கள் இருவர் தலையும் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு ஹீட்டர் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, பேட்டரியில் சூடாக்கி அறுத்தார். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கியது. மூங்கில் குச்சிகளைக் குத்திப் பலகைகளை ஒன்றோடொன்று சேர்த்தோம். அடியில் மூங்கில் சட்டம், பழைய ஸ்கூட்டர் சக்கரம் இரண்டு. நான் அவருக்குக் கூடமாட நின்று செய்த முதல் வேலை அதுதான். சமையலில்கூட எனக்கு அத்தனை சந்தோஷம் இருந்ததில்லை.

சுவர் நின்றதும் இவருக்கு அவசரம். வீட்டு ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த நீல எனாமல் பெயிண்டை எடுத்து நேராகப் பூசினார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் சுவரைக் காணோம். பெயிண்ட் பட்ட இடமெல்லாம் கரைந்து குழிகுழியாக இறங்கி, அந்தப் பக்கத்துத் தெரு தெரிந்தது. பங்காளி வீட்டுப் பெரியவர் ஒருவர் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து, "காத்தோட்டத்துக்கு விட்டிருக்கீகளாக்கும்" என்று கேட்டுவிட்டுப் போனார். நான் சிரித்தேன். இவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பலகையின் மேல் முதலில் துணி ஒட்டினால் பெயிண்ட் உள்ளே இறங்காது என்று எனக்குத்தான் தோன்றியது. புத்தகத்துக்கு அட்டை போடுகிற புத்தி. பழைய வேட்டிகளைக் கிழித்து, மைதாப் பசை காய்ச்சி, சுருக்கம் விழாமல் ஒட்டினேன். மறுநாள் ஓர் ஆடு வந்து ஒரு மூலையை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. சினிமா போஸ்டர் தின்று பழகிய ஆடு, பசையை விடுமா? அடுத்த தடவை பசை காய்ச்சும்போது கசப்புக்கு மயில்துத்தம் போட்டேன். ஆடு மோந்து பார்த்துவிட்டு என்னை முறைத்துக்கொண்டு போனது. துணி காய்ந்து அதன் மேல் எனாமல் இரண்டு தடவை ஏறியதும் சுவர் தட்டினால் சத்தம் கேட்கிற அளவுக்கு இறுகிவிட்டது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து நானும் அவரும் முழு வீட்டையும் தூக்கிப் பார்த்தோம். தூக்க முடிந்தது. இவர் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரிச் சிரித்தார்.

மாமியார் இத்தனை நாளும் கொட்டகைப் பக்கமே வரவில்லை. புறப்படுகிற காலையில்தான் வந்தார். வந்தவர் வெறுங்கையோடு வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான மகனையும் மருமகளையும் அதே வீட்டுக்குள் தனிச் சமையலாக வேறு வைப்பார்கள். அப்போது ஒரு வருஷத்துக்கான அரிசி, பருப்பு, புளி, பாத்திரம் பண்டம் எல்லாம் பெரியவர்கள் கொடுத்துவிட வேண்டும். இவர் ஒரே பிள்ளை என்பதால் மாமியார் எங்களை வேறு வைக்கவே இல்லை. அந்தச் சடங்கை அன்றைக்கு வைத்துக்கொண்டார். அரிசி மூட்டை, மிளகாய் மூட்டை, புளிப் பானை, பித்தளை அண்டா, வார்ப்புச் சட்டி. பங்காளி வீட்டு ஆச்சிமார் எல்லோரும் கைக்கு ஒன்றாகத் தூக்கி வந்தார்கள். கடைசியில் இரண்டு ஆட்கள் ஓர் அம்மிக்கல்லைச் சுமந்து வந்து உள்ளே வைத்தார்கள்.

வீடு முனகியது. இவர் மோட்டாரைக் கிளப்பினார். அது புகையைத்தான் விட்டது, நகரவில்லை. மறுபடி முயன்றார். சக்கரங்கள் மண்ணில் புதைந்து, மூங்கில் சட்டத்தில் படீரென்று ஒரு சத்தம் கேட்டது. இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தாயை எதிர்த்து ஒரு சொல் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். இன்றைக்கு விட்டால் என் கடல் இந்த ஜென்மத்தில் இல்லை என்றும் தெரிந்தது.

எனக்குக் கோபம் வந்தால் நான் சுற்றுமுற்றும் பார்ப்பதில்லை. முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறி, அண்டாவை இறக்கினேன். மூட்டைகளை இழுத்துத் தள்ளினேன். அம்மியை இறக்க முடியாமல் இழுத்துக்கொண்டே, "அயித்தை, நாங்க குடித்தனமா போறோம்? ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரிக்கு எதுக்கு இம்புட்டும்?" என்று கேட்டுவிட்டேன்.

மாமியார் கோபப்படவில்லை. இறக்கி வைத்த அரிசி மூட்டையின் வாயைச் சரியாக முடிந்தார். "ஒரு ராத்திரின்னு நீ சொல்றே" என்றார். "கடல் பக்கம் போனவுக என்னைக்கு ஒரு ராத்திரியில திரும்புனாக?"

அம்மியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என்னைத் தடுப்பதற்காக அவர் கனம் ஏற்றவில்லை. மகன் கடலுக்குப் போகிறான், இனி எப்போது வருவானோ என்று ஒரு வருஷத்துக்குச் சோறு கட்டியிருக்கிறார். ஊரையே கேலி பேசுகிற என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

என் கணவர் காரிலிருந்து இறங்கி வந்து, "ஆத்தா, நீயும் வா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். தனியாகப் போக வேண்டும் என்ற என் ஆசை அங்கேயே அம்மிக்குப் பக்கத்தில் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். கொஞ்சம் வருத்தம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் கார்க் கதவை நானே திறந்துவிட்டேன். மாமியார் மாற்றுப்புடவையும் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். விரிசல் விட்ட சட்டத்தைக் கயிற்றால் வரிந்து கட்டினோம். இந்தத் தடவை வீடு துள்ளிக்கொண்டு பின்னால் வந்தது.

தொண்டியில் ஒரு வேலி ஓரம் நிறுத்தினோம். வாசல் ஊரைப் பார்த்து இருக்கும்படி நிறுத்தச் சொன்னவர் மாமியார்தான். உள்ளே பாயை விரித்து, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். நாங்கள் அலையில் இறங்கி ஆடினோம். நான் விழுந்தேன், இவர் தூக்கிவிட்டார், பிறகு இருவருமாக விழுந்தோம். வெயில் சாய்கிற நேரம் புடவை பிழிந்துகொண்டே திரும்பி வந்தால், மாமியார் இன்னும் அப்படியே இருந்தார்.

"என்ன இது, ஓயாமக் கூப்பிடுது" என்றார். பிறகு, "வாசலை அங்குட்டுத் திருப்புங்க" என்றார்.

நீங்க இறங்கிக்கங்க என்று நாங்கள் சொல்லவில்லை. ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அவர் உள்ளே உட்கார்ந்தபடியே இருக்க, வீட்டைத் தூக்கி மெள்ளத் திருப்பி வைத்தோம். படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறிக்கொண்டிருந்தன.

"இதுதான் அவுகளக் கொண்டுபோச்சுன்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன்" என்றார். "ஒவ்வொரு தடவையும் கொண்டாந்து விட்டதும் இதுதானே."

பிறகு கட்டுச்சோற்றைப் பிரித்து எங்களுக்கு வைத்துவிட்டுத் தானும் வயிறாரச் சாப்பிட்டார். கை கழுவியதும் இரண்டு தலையணையையும் ஒரு ஜமக்காளத்தையும் எடுத்து எங்கள் பக்கம் வெளியே போட்டார்.

"உள்ள எனக்கு மட்டுந்தான் இடம் காணும். நீங்க ரெண்டு பேரும் அங்குட்டுத் தள்ளி மணல்ல படுத்துக்கங்க."

"கூரை?" என்றேன் நான், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"போத்தா அங்குட்டு" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.