மாடசாமிக்கு வைத்த தண்ணீர்

இந்த வெயிலுக்கு எங்கள் இரண்டு நாய்களுக்கும் சாக்கை நனைத்துத் தரையில் விரித்தேன். அந்த ஈரச்சணல் வாசனை என்னைப் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் நாங்கள் இருந்த, இப்போது கூரை போய்க் காடேறிக் கிடக்கிற தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்குக் கொண்டுபோய்விட்டது. கோடையில் குழாய் வற்றினாலும், உச்சிவேளையில் நடக்கிற எங்கள் காவல்தெய்வம் மாடசாமிக்கு மண்சட்டியில் தண்ணீர் வாசலில் வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வோம், யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. தகரக் கூரை மட்டும் சூட்டில் பட்பட்டென்று வெடிக்கும்.

"சாமி தண்ணியில நாய் வாய் வச்சிரும்" என்று அப்பா எங்கள் மணியைச் சங்கிலியில் கட்டிவிட்டார். மூன்றாம் நாள் கதவைத் திறந்தால் சட்டி காலி. மணியோ சட்டிக்கு எட்டாத சங்கிலியில், எழ முடியாமல் நாக்கு வெளுத்துக் கிடந்தது.

வீட்டில் மிச்சம் இருந்தது மறுநாளைக்கென்று சாமிக்கு எடுத்துவைத்த தண்ணீர்தான். அம்மா அதைச் சட்டியில் ஊற்றி, சங்கிலியை அவிழ்த்து, "அப்பனே, இவனுக்கும் ஒரு பங்கு விடும்" என்று கும்பிட்டாள்.

"கிறுக்கி, சாமிக்கே பங்காளி சேக்கிறியா?" என்றார் அப்பா.

மணி ஊர்ந்து போய்ச் சட்டி முன்னால் படுத்து, ஆளில்லாத வாசலைப் பார்த்து வாலை ஆட்டியது. காற்று அசையவே இல்லை. ஆனாலும் யாரோ தடவிக்கொடுத்தாற்போல் அதன் முதுகு மயிர் மெல்லப் படிந்தது. பிறகுதான் குடித்தது.