நான் இரண்டு முறை படித்த வரி

இதை எழுதலாமா என்று என் தங்கையிடம் கேட்டேன். அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பாமலேயே சொன்னாள்: "எழுதிக்கோண்ணா. ஆனா ஒவ்வொரு வரியையும் ரெண்டு வாட்டி சொல்லாத."

கவியரங்கத்துக்குப் போனவர்களுக்கு இந்தக் கேலி புரியும். மேடை ஏறிய எந்தக் கவிஞரும் ஒரு வரியை ஒரு முறை படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகமாட்டார். முதல் முறை காதில் விழுவதற்கு, இரண்டாம் முறை கைத்தட்டலுக்கு. நடுவில் கூட்டத்தை ஒரு பார்வை பார்க்க வேண்டும். அந்தப் பார்வையை நான் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருக்கிறேன்.

நான் தமிழாசிரியர். பொங்கல் விழா, பள்ளி ஆண்டு விழா, யாராவது ஓய்வு பெறும் விழா, எதுவானாலும் கவியரங்கம் என்றால் என் பெயர் இருக்கும். கூப்பிடாவிட்டால் கூப்பிடும்படி செய்துகொள்வேன். பீரோவில் ஒரு தட்டு முழுக்கச் சால்வைகள். எங்கள் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். யாராவது பெரிய மனிதர் பேசினால் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுவிட்டு வருவார், நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காரமாட்டார். அவர் மகன் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. இதை என் குற்றத்துக்குச் சாக்காகச் சொல்லவில்லை. சாக்காகவும்தான் சொல்கிறேன்.

தங்கையைப் பிள்ளையார்பாளையத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டிலேயே தறி போட்டிருக்கிறார். மாமியாரும் மருமகளும் ராட்டையில் தார் சுற்றுவார்கள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கச் சின்னக் குழலில் பட்டு நூலைச் சுற்றிக் கொடுப்பதுதான் தார். ஒன்று சுற்றப் பத்து நிமிடம்கூட ஆகாது. ஆனால் சுற்றுவது நின்றால் கொஞ்ச நேரத்தில் தறியும் நின்றுவிடும். அதனால் அந்த வீட்டில் யார் எதற்கு எழுந்தாலும், "இந்தத் தார் முடியட்டும்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுவார்கள். சாப்பிடக் கூப்பிட்டாலும் அதேதான், வாசலில் விருந்தாளி வந்து நின்றாலும் அதேதான்.

ஐந்து வருடங்களுக்கு முன்னால், தங்கைக்கு ஒன்பதாம் மாதம். ஒரு நாள் காலையிலிருந்து குழந்தை அசையவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனபோது துடிப்பு நின்றிருந்தது. எப்போது நின்றது, முன்னாலேயே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்றெல்லாம் மாப்பிள்ளை கேட்டார். அப்படி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பையன். முகத்தை ஒரு முறை காட்டினார்கள்.

வீட்டுக்கு வந்த தங்கை பேசவில்லை. அழுதிருந்தால்கூட எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள், ராட்டைக்கு எதிரில் உட்கார்ந்து அதைச் சுற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். மந்திரிக்கலாம் என்றார்கள், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கலாம் என்றார்கள். "பொங்கல் அப்புறம் வெச்சுக்கலாம், மொதல்ல டாக்டரு" என்றவர் அவள் மாமியார்தான். அவர்தான் என்னையும் கூப்பிட்டார். "நீங்க வாங்க தம்பி. அவங்க சொல்றது எனக்குப் புரியாது, நீங்க படிச்சவங்க."

மனநல ஆலோசகராக இருந்தது ஒரு சின்னப் பெண். என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். தங்கையிடம் எதையும் துருவிக் கேட்கவில்லை. "தினமும் பத்து நிமிஷம் எழுதுங்க. வாக்கியமா வந்தாலும் சரி, கவிதை மாதிரி வந்தாலும் சரி. யாருக்கும் காட்ட வேணாம். உங்களுக்கா காட்டணும்னு தோணினா, யாருக்குத் தோணுதோ அவங்களுக்கு மட்டும் காட்டுங்க" என்றாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, யாப்பு கொஞ்சம் சொல்லிக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "வேணாம் சார்" என்றாள்.

நோட்டு வாங்கிக் கொடுத்தது நான்தான். முதல் சில வாரங்கள் நாளுக்கு ஒரு வரி எழுதினாள் என்று பின்னால் தெரிந்தது. இன்று ரசம் வைத்தேன். இன்று மழை. பிறகு அரைப் பக்கம், பிறகு ஒரு பக்கம். எழுத எழுத வாயும் திறந்தது. முதலில் மாப்பிள்ளையிடம், உப்பு போதுமா என்று கேட்டாளாம். மாமியார் உடனே எனக்கு போன் செய்து அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டு அழுதார்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் போயிருந்தபோது, தங்கை அந்த நோட்டை ஒரு துணிப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தாள்.

"நீ மட்டும் படிண்ணா. கடைசி வரைக்கும் படி. படிச்சுட்டு எனக்கு ஒண்ணு சொல்லணும்."

அந்தப் பையை நான் வீட்டில் எங்கே வைத்தேன் தெரியுமா? திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களோடு வைத்தேன். சாயங்காலம் தாள்களைத் திருத்திக்கொண்டே நடுவில் அதை எடுத்தேன். கையில் சிவப்புப் பேனா இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அதில் டிக் போட்டேன். ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் போட்டேன். இருபது வருடப் பழக்கம். கை தானாகப் போகிறது. அப்படியே புரட்டி வந்தவன் ஒரு பக்கத்தில் நின்றேன்.

காலையிலிருந்து நீ அசையவில்லை.
அத்தை, போகலாமா என்றேன்.
இந்தத் தார் முடியட்டும் என்றார்.
ராட்டை நிற்கவில்லை.
நீ நின்றிருந்தாய்.

நான் அழுதேன். அது பொய்யில்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்ட அடுத்த நிமிடமே, இது மேடையில் நிற்கும் என்று நினைத்ததும் பொய்யில்லை. என் வாழ்நாளில் இப்படி ஐந்து வரி எனக்கு வந்ததில்லை. என்னுடையதெல்லாம் தாயே தமிழே என்று தொடங்கி வாழ்க வாழ்க என்று முடியும். பக்கத்தின் அடியில் 'மிக நன்று' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டு நோட்டை மூடினேன். அதற்குப் பிறகு சில பக்கங்கள் இருந்தன. நாற்பது தாள் பாக்கி இருந்தது, நேரமில்லை என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வாரத்தில் காணும் பொங்கல். பிள்ளையார்பாளையத்தில் ஒரு மண்டபத்தில் கவியரங்கம், தலைப்பு தாய்மை. யார் எழுதியது என்று சொல்லப் போவதில்லையே, பெயர் இல்லாத ஒரு தாயின் வரிகள் என்றுதானே சொல்லப் போகிறேன், அதில் என்ன தப்பு என்று எனக்குள் வாதாடி நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். தங்கையிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

தங்கை வரவில்லை. அவள் மாமியார் வந்திருந்தார். தெருவிலிருந்து நான்கு பெண்களையும் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். "எங்க மருமவளோட அண்ணன் கவிதை படிக்கிறாரு" என்று எல்லாரிடமும் சொல்லி, இரண்டாம் வரிசையில் இடம் பிடித்து, நல்ல புடவையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துக் கை அசைத்தார்.

முதல் முறை அந்த வரியைப் படித்தபோது ஒன்றும் ஆகவில்லை. அங்கே பாதிப் பேர் வீட்டில் ராட்டை இருந்தது. பாதி மாமியார்கள் அந்த வார்த்தையைச் சொன்னவர்கள்தான். யார் வீட்டுக் கதையாகவும் அது இருந்திருக்கலாம். அதோடு விட்டிருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் நான் பழக்கப்படி நிறுத்தினேன். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தேன். பிறகு குரலை ஏற்றி, தார் என்ற சொல்லில் கொஞ்சம் இழுத்து, மறுபடி படித்தேன்.

"இந்தத் தார் முடியட்டும் என்றார்."

இரண்டாம் வரிசையில் அந்த நான்கு பெண்களும் ஒரே நேரத்தில் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். என்னால் நிறுத்த முடியவில்லை. இன்னும் இரண்டு வரி பாக்கி இருந்தது. அவற்றையும் இரண்டிரண்டு முறை படித்தேன். மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். எனக்குக் கிடைத்த கைத்தட்டல்களில் அதுதான் பெரியது. சால்வை போர்த்தியபோது நாற்காலிகளைப் பார்த்தேன். அவர் கடைசிவரை உட்கார்ந்திருந்தார், நடுவில் எழுந்து போனால் மரியாதையாக இருக்காது என்று.

மறுநாள் மதியம் தங்கை ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்கு, என் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"அத்தை திட்டினாங்களா?" என்றேன்.

"திட்டலை. 'நான் சொன்னதத்தானமா எழுதிக்கிற, பொய்யா எழுதிட்ட?'ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலை. காலையிலிருந்து தார் சுத்திக்கினே இருக்காங்க, தலையே தூக்கலை."

பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "நீ கடைசி வரைக்கும் படிச்சியா?"

"படிச்சேம்மா."

"படிச்சிருந்தா அத மேடையில படிச்சிருக்கமாட்ட."

அவள் சொன்னாள், குரலை உயர்த்தாமல், ராட்டையில் நூல் வருகிற மாதிரி ஒரே சீராக.

"அந்தத் தாரு முடிஞ்சதும் அத்தை எழுந்துட்டாங்கண்ணா. செருப்பக்கூட மாட்டிட்டாங்க. 'வாமா போலாம்'னாங்க. நான்தான், 'இருங்க அத்தை, இன்னும் ஆறு தாரு சுத்தி வெச்சுட்டா அவருக்குத் தறி நிக்காது'ன்னேன். அவங்க மறுபடி உக்காந்தாங்க. ஒரு மணி நேரம். அத எழுதறதுக்குத்தான் எனக்கு மூணு மாசம் ஆச்சு. அவங்க அன்னையிலேர்ந்து தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையையே நெனச்சுக்கினு இருக்காங்க. நான் சொன்னது அவங்களுக்கு ஞாபகமே இல்ல. அத அவங்களுக்குப் படிச்சுக் காட்டலாமான்னு கேக்கத்தான் நோட்ட உன்கிட்ட குடுத்தேன்."

"இப்பப் படிச்சுக் காட்டும்மா" என்றேன். எவ்வளவு எளிதாகச் சொன்னேன்!

"இப்ப சொன்னா நம்புவாங்களா? ஊரு வாய மூடறதுக்கு மருமவ கட்டின கதைன்னுதான் நெனைப்பாங்க." நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

அத்தோடு சும்மா இருந்திருந்தால், என்றாவது ஒரு நாள் அவளே அதை அவள் விதத்தில் சொல்லியிருப்பாள். எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போய், தங்கை தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், அவள் மாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஆறு தார், செருப்பு, ஒரு மணி நேரம், எல்லாம். அவர் ராட்டையை நிறுத்திக் கேட்டார். காபி கொடுத்தார்.

"நல்ல மனசு தம்பி உங்களுக்கு" என்றார். "எனக்காவ சொல்றீங்க. அவளும் சொல்லுவா, தங்கமான பொண்ணு. பரவால்ல, நான் சொன்னது சொன்னதுதான்."

தங்கை குடத்தோடு உள்ளே வந்தாள். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். அவள் சொல்ல வேண்டியதை நான் சொல்லித் தீர்த்துவிட்டேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மிச்சமிருந்த ஒரே உண்மையை நான் வீணாக்கினேன். மேடையில் படித்ததைவிட இதற்காகத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன்.

அவள் அதற்குப் பிறகு எழுதவில்லை. அந்த ஆலோசகர் பெண்ணிடம் சில மாதம் போய்வந்தாள், வாயால் பேசினாள், தேறினாள். அடுத்த போகிக்குப் பழைய பாயோடு அந்த நோட்டும் போனது. அதற்குள் கடைசிவரை படிக்கத் தருவாயா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் 'மிக நன்று' அதோடு எரிந்தது மட்டும் நல்லதுதான். நானும் ஒரு நோட்டு வாங்கினேன், பத்து நிமிடம் எழுதிப் பார்க்கலாம் என்று. ஒவ்வொரு வரி முடிந்ததும் கை நின்றுவிடுகிறது. எதிரில் யாராவது கை தட்டுவார்களா என்று காத்திருக்கிறேன். கேட்க ஆள் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுத எனக்குத் தெரியவில்லை. தங்கைக்குத் தெரிந்திருந்தது.

இப்போது அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. மூன்று வயது. அவள் பிறப்பதற்கு முன்பே மாமியார் தன் செருப்பை வாசலிலிருந்து எடுத்து வந்து ராட்டை பக்கத்தில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குள் செருப்பா என்று யாரும் கேட்கவில்லை. அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

போன வாரம் நான் போயிருந்தேன். குழந்தை முறுக்கு தின்றுகொண்டிருந்தாள், புரை ஏறி இரண்டு முறை இருமினாள். தார் பாதியில் இருந்தது. மாமியார் அப்படியே விட்டு எழுந்தார், நூல் அறுந்தது, நான் திரும்புவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்து வாசலில் நின்றுவிட்டார்.

"கெளம்புமா, போலாம்."

"ஒண்ணும் இல்ல அத்தை, பொரதான் ஏறிச்சு" என்றாள் தங்கை. மாப்பிள்ளை தறியிலிருந்தபடியே, "எங்கம்மாவுக்குத் தும்மல் போட்டாகூட ஆம்புலன்சு வரணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், குழந்தையும் சேர்ந்து சிரித்தது. அது தண்ணீர் குடித்து முடிக்கும்வரை மாமியார் செருப்பைக் கழற்றவில்லை. கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அதில் கோபம் துளியும் இல்லை.

"தாரு எப்ப வேணா சுத்திக்கலாம். இல்லீங்களா தம்பி?"

நான் தலையாட்டினேன். தங்கை என்னைப் பார்க்கவில்லை. அறுந்த நூலின் நுனியைத் தேடி எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.